வாடிக் கொப்பியை ஓஆர்எம்மில் ஏற்றுவது எப்படி

ஓஆர்எம் என்பது நிரலாக்க மொழியில் எழுதும் ஒப்ஜெக்ட்டுகளைத் தரவுத்தள அட்டவணைகளோடு பொருத்தி, தரவுத்தளத்தின் மொழியான எஸ்கியூஎல்லை நமக்காக எழுதித்தரும் நூலகம். அதைப் பழகும் பிள்ளைகள் பெரும்பாலும் கிளாஸ் எழுதுவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். போட் என்றொரு கிளாஸ், மீன் என்றொரு கிளாஸ், அதற்குள் நாலைந்து நிரல் (அட்டவணையின் கொலம்), பிறகு அட்டவணையை அதற்கேற்ப மாற்றும் மைக்ரேஷன் கட்டளை, அட்டவணை தானாக வந்துவிடும். முதல் கிழமை எல்லாம் வடிவாக ஓடும். சீசன் தொடங்கி, ஒரே காலையில் நாற்பது போட் கரைக்கு வந்து, இரண்டு பேர் இரண்டு மேசையில் இருந்து கணக்கு எழுதும்போதுதான் பிழைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

திருகோணமலையில் மாமாவின் மீன் வாடிக்கு, அதாவது கரையில் போட்களின் மீனை நிறுத்து வாங்கும் இடத்துக்கு, நான் எழுதிக்கொடுத்த கணக்கு மென்பொருளை இங்கே உதாரணமாக எடுக்கிறேன். பைதன் மொழியில் ஜாங்கோவின் ஓஆர்எம், பின்னால் தரவுத்தளமாக போஸ்ட்கிரெஸ். நீங்கள் ஜாவாவில் ஹைபர்நேட் பாவித்தாலும், பைதனிலேயே எஸ்கியூஎல்அல்கமி பாவித்தாலும் விஷயம் ஒன்றுதான், வசதிகளின் பெயர் மாறும். கடைசிவரைக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்று: ஓஆர்எம் உங்கள் பெயரில் எஸ்கியூஎல் எழுதுகிறது, அது எழுதியதை நீங்கள் வாசிக்க வேண்டும்.

முதலில் கொப்பியைப் பாருங்கள்

மாமாவின் தராசுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சீ.ஆர். கொப்பி கிடக்கும், ஈரம் பட்டு ஓரமெல்லாம் சுருண்டிருக்கும். ஒரு பக்கத்தைத் திறந்தால் மேலே திகதி, அடுத்து போட்டின் பெயர், அதற்குக் கீழே வரி வரியாக: பாரை 18½ கிலோ, 900 படி (கிலோவுக்கு 900 ரூபாய்). சூரை 42 கிலோ, 750 படி. கும்பிளா 11 கிலோ, 600 படி. கூட்டினால் 54,750 ரூபாய். பிறகு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஐஸ், மண்ணெண்ணெய், முற்பணத்தில் பிடித்தது, கையில் கொடுத்தது.

கொம்பியூட்டரைத் திறக்கும் முன் இந்தப் பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: இது தனக்கென்று ஓர் ஆயுள் உள்ள விஷயமா? இன்றைய கணக்கு முடிந்த பிறகும் போட் இருக்கும், நாளைக்கும் வரும், ஆகவே போட்டுக்குத் தனி அட்டவணை. கடலுக்குப் போய்வந்த அந்த ஒரு தடவை, அதாவது பயணம், அதுவும் தனி. பாரை, சூரை என்ற மீன் வகைகளுக்கு ஒன்று. ‘பாரை 18½ கிலோ 900 படி’ என்ற வரிக்கு ஒன்று, அதைப் பிடிவரி என்று வைத்துக்கொள்வோம். கோட்டுக்குக் கீழே உள்ள கொடுக்கல் வாங்கலுக்கு கணக்குவரி. 18½ என்ற எடைக்குத் தனி ஆயுள் கிடையாது, அது பிடிவரிக்குள் ஒரு நிரல், அவ்வளவுதான். ஒப்ஜெக்ட் பக்கத்தில் எடைக்கு அழகாக ஒரு கிளாஸ் வைத்துக்கொள்ளலாம், தடையில்லை, ஆனால் அதற்கு ஓர் அட்டவணை தேவையில்லை.

விலையில் பலர் சறுக்குவார்கள். மீன் அட்டவணையில் ‘இன்றைய விலை’ என்று ஒரு நிரல் இருக்கிறதே, பிடிவரி அதைப் பார்த்துத் தொகையைக் கணக்கிடட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் இன்று விலையை மாற்றியதும் நேற்றுக் கொடுத்த பில் துண்டின் தொகையும் மாறிவிடும். விற்ற விலை அந்த வரியின் சொந்தச் சொத்து, அதைப் பிடிவரியிலேயே எழுதி வையுங்கள்.

காசுக்கும் எடைக்கும் டெசிமல் நிரல்தான். ஃப்ளோட் வேண்டாம், 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராத வகை அது, மாதக் கடைசியில் சில சதம் எங்கே போனது என்று தேடவைக்கும்.

ஒவ்வொரு நிரையையும் (அட்டவணையின் ஒரு வரிசை) அடையாளம் காட்டும் முதன்மைச் சாவிக்கு போட்டின் பதிவு இலக்கத்தை வைக்காதீர்கள். இலக்கத்தைப் பிழையாக அடித்துவிட்டுப் பிறகு திருத்துவார்கள், போட்டே புதிய இலக்கத்தில் மறுபதிவாகலாம், அப்போது அதைச் சுட்டும் எல்லா நிரையையும் தொடவேண்டி வரும். ஜாங்கோ தானாகப் போடும் எண் சாவியே போதும். பதிவு இலக்கத்துக்கு ‘ஒன்றுக்கு மேல் வரக்கூடாது’ என்ற கட்டுப்பாட்டைத் தனியாகப் போட்டுவிடுங்கள்.

கைகாட்டும் திசை

ஒப்ஜெக்ட்டும் அட்டவணையும் வேறு வேறு வீட்டில் பிறந்தவை. ஒப்ஜெக்ட் சிந்தனை 1967 இல் நோர்வேயில் நைகார்டும் டாலும் உருவாக்கிய சிமுலா மொழியில் இருந்து வருகிறது. தொடர்புநிலைத் தரவுத்தளம் 1970 இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் கொட் எழுதிய கட்டுரையில் இருந்து. ஒன்றில் ஒரு பொருள் இன்னொன்றைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கும். மற்றதில் பிடிப்பு என்று எதுவுமே இல்லை, இரண்டு நிரையில் ஒரே மதிப்பு இருக்கிறது, அவ்வளவே. ஓஆர்எம்மில் வரும் சிக்கல்களில் பெரும்பாதி இந்த ஒரு வித்தியாசத்தில்தான் முளைக்கிறது.

பயணத்துக்குப் பல பிடிவரி உண்டு. ஒப்ஜெக்ட்டாக யோசித்தால் பயணம் ஒரு பட்டியலை வைத்திருக்கும். அட்டவணையில் அது தலைகீழ்: ஒவ்வொரு பிடிவரியும் தன் பயணத்தின் எண்ணை அந்நியச் சாவியாகச் சுமக்கும், பயணத்தின் நிரையில் பிடிவரி பற்றி ஒரு எழுத்தும் இருக்காது. ஆகவே அந்தச் சாவியை அறிவிக்கும் ஃபொரின்கீ எப்போதும் ‘பல’ பக்கத்து கிளாஸில் எழுதப்படும். ரிலேட்டட்_நேம் கொடுத்தால் பயணத்தில் இருந்து வரிகளுக்குப் போக ஒரு பெயர் கிடைக்கும், அது ஒரு நிரலும் அல்ல, சேமித்த பட்டியலும் அல்ல. அதைத் தொடும்போது ஒரு குவெரி, அதாவது தரவுத்தளத்துக்கு ஒரு கேள்வி, ஓடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்குக் கீழே திரும்ப வருவோம்.

போட்டில் போன ஆட்களும் பயணமும் பலருக்குப் பல. ஒருவர் பல பயணம் போவார், ஒரு பயணத்தில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஓஆர்எம் நடுவில் தானாக ஓர் அட்டவணை போட்டுத்தரும், ஆனால் எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு, அந்தப் பங்கு ஆளுடையதும் அல்ல, பயணத்துடையதும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் இருப்பது. ஆகவே நடு அட்டவணைக்கு நீங்களே கிளாஸ் எழுதி, த்ரூ என்று காட்டுங்கள்.

சுட்டப்படும் நிரை அழிந்தால் என்ன செய்வது என்று ஓன்_டிலீட் கேட்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கஸ்கேட் போடுவது வழக்கமாகிவிட்டது. யாரோ மீன் பட்டியலைத் துப்புரவாக்கும்போது கும்பிளாவை அழித்தால், கஸ்கேட் இருந்தால், இத்தனை வருடக் கும்பிளா வரிகளும் சேர்ந்து அழியும். காசு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் ப்ரொடெக்ட் போடுங்கள், அது அழிக்க விடாது.

பரம்பரை, அதாவது இன்ஹெரிட்டன்ஸ், பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எங்கள் மீனை வாங்குகிறவர்கள் மூன்று விதம்: ஊர்க் கடைக்காரர், உப்புவெளி நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்கள், பேலியகொடைச் சந்தைக்கு ஏற்றும் லொறிக்காரர். எல்லாரையும் ஒரே அட்டவணையில் வகை நிரலோடு வைக்கலாம், பொதுவானதை ஒன்றிலும் மிச்சத்தைத் தனித்தனியிலும் வைத்து இணைக்கலாம், அல்லது முழுக்கவே தனித்தனியாக வைக்கலாம். வித்தியாசம் இரண்டு மூன்று நிரல்தான் என்றால் ஒரே அட்டவணை போதும் என்பது என் கருத்து, சில கட்டம் காலியாக இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. ஜாங்கோவில் சாதாரண மொடல் (அட்டவணைக்கான கிளாஸ்) ஒன்றில் இருந்து கிளை பிரித்தால் இணைக்கும் முறை தானாக வந்துவிடும், பிறகு ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு ஜாயின் (இரண்டு அட்டவணையை இணைத்து வாசிப்பது) கூடவே வரும், கவனம். வகை நிரலில் 0, 1, 2 என்று வரிசை எண்ணை வைக்காமல் சொல்லாக வையுங்கள். ஜாவாவில் ஜேபிஏ (ஹைபர்நேட் பின்பற்றும் ஓஆர்எம் தரம்) பாவிப்பவர்கள் இதை இன்னும் கவனிக்கவேண்டும், ஈனமுக்கு, அதாவது குறித்த சில பெயர்களை மட்டும் ஏற்கும் வகைக்கு, அங்கே நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் வரிசை எண்தான் சேமிக்கப்படும், நடுவில் ஒரு புது வகையை நுழைத்த அன்று பழைய தரவெல்லாம் பெயர் மாறி நிற்கும்.

பாதை ஏறி இறங்குவது

கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும் முன் அந்தத் துறையைப் பாதையில்தான் கடக்கவேண்டும். வெளியூர் ஆட்களுக்கு: பாதை என்றால் வாகனத்தையும் ஆளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. பத்துச் சாமான் வாங்க வேண்டியவர் பட்டியலோடு ஒரு தடவை போய் வருவார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தடவை பாதை ஏறி இறங்கமாட்டார். ஓஆர்எம்மை அதன் போக்கில் விட்டால் அது ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தடவை ஏறி இறங்கும்.

எண்ணிப் பார்ப்போம். அன்றைய நாற்பது பயணத்தையும் ஒரு பக்கத்தில் காட்ட வேண்டும், ஒவ்வொன்றிலும் போட்டின் பெயர், மூன்று பிடிவரி, ஒவ்வொரு வரியிலும் மீனின் பெயர். பயணங்களைக் கேட்க 1 குவெரி. சுற்றில் ஒவ்வொரு பயணத்திலும் போட்டின் பெயரைத் தொட, 40. பிடிவரிகளைத் தொட, இன்னொரு 40. வரியில் மீனின் பெயரைத் தொட, 120. மொத்தம் 201. தரவுத்தளம் அதே கணினியில் இருக்கும்போது இது கண்ணுக்கே தெரியாது, அதனால்தான் பலர் எழுதும் காலத்தில் கவனிக்காமல் விடுகிறார்கள். தரவுத்தளத்தை வெளிநாட்டு சேர்வருக்கு மாற்றி, ஒரு போய்வரவுக்கு 50 மில்லிசெக்கன் என்று வைத்தால், 201 க்கு 10 செக்கன். கரையில் ஈரக் கையோடு நிற்கிறவர்கள் 10 செக்கன் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், கொப்பிக்கே திரும்பிப் போய்விடுவார்கள்.

சரி, திருத்துவது எப்படி? ‘ஒன்று’ பக்கம் போகும் தொடர்புக்கு செலக்ட்_ரிலேட்டட்: பயணத்தோடு போட்டையும் ஒரே ஜாயினில் கொண்டுவரும். ‘பல’ பக்கம் போகும் தொடர்புக்கு ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட்: நாற்பது பயணத்தின் பிடிவரிகளையும் ஒரே கேள்வியில் எடுத்து, அவரவருக்குப் பிரித்துக் கொடுக்கும், மீனையும் சேர்த்துச் சொன்னால் அதற்கு இன்னொரு கேள்வி. ஆக 201 போய் 3. பயணங்கள் நாற்பதோ நானூறோ, 3 தான்.

ஒரு பொறி இருக்கிறது. ப்ரீஃபெட்ச் பண்ணிவிட்டு, சுற்றுக்குள் அந்தப் பிடிவரிகளின் மேல் ஃபில்டர் போட்டால், எடுத்து வைத்தது வீண், ஒவ்வொரு தடவையும் புதுக் குவெரி போகும். வடிகட்டியதுதான் வேண்டுமென்றால் ப்ரீஃபெட்ச் ஒப்ஜெக்ட்டுக்குள்ளேயே வடிகட்டலைக் கொடுங்கள்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஓடிய குவெரிகளின் பதிவைத் திறந்து வைத்தால் போதும். ஜாங்கோவில் டீபக் நிலையில் இருக்கும்போது கனெக்ஷன்.குவெரிஸ் என்ற பட்டியலில் ஓடிய ஒவ்வொரு குவெரியும் இருக்கும், ஹைபர்நேட்டில் ஷோ_எஸ்கியூஎல், எஸ்கியூஎல்அல்கமியில் எக்கோ. புதிதாக ஒரு பக்கம் எழுதினால், அதை ஒரு தடவை திறந்துவிட்டுப் பதிவை வாசியுங்கள். ஒரே உருவில் எண் மட்டும் மாறி மாறி வரும் வரிகளைக் கண்டால் அதுதான் இந்தப் பாதை ஏறி இறங்கும் பிழை.

காணாமல்போன 5,000 ரூபாய்

இது எங்களுக்கு நடந்தது. முதலில் நான் போட் அட்டவணையில் ‘மீதிக்கடன்’ என்று ஒரு நிரல் வைத்திருந்தேன். ஒரு போட்காரருக்கு 60,000 கடன். காலையில் மாமா தராசு மேசையில் அவருடைய பிடியில் இருந்து 5,000 கழிக்கிறார். அதே நேரம் மச்சான் ஐஸ் மேசையில் 3,500 கூட்டுகிறான். இரண்டு திரையும் 60,000 ஐத்தான் வாசித்து வைத்திருந்தன. மாமாவின் சேவ் 55,000 என்று எழுதியது, இரண்டு செக்கனில் மச்சானின் சேவ் 63,500 என்று அதன் மேலேயே எழுதியது. சரியான மீதி 58,500. கட்டிய 5,000 எங்கேயும் இல்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. போட்காரர் தன் சின்னக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் தெரிந்தது. அந்த மனிதன் இரவு முழுக்கக் கடலில் கிடந்து உழைத்த காசு அது, அதனால்தான் இந்தப் பகுதியை நீட்டி எழுதுகிறேன்.

காரணம் இதுதான். ஜாங்கோவில் ஒரே நிரையை இரண்டு தடவை கேட்டால் இரண்டு தனி ஒப்ஜெக்ட் கிடைக்கும். எஸ்கியூஎல்அல்கமியில் ஒரு செஷனுக்குள் (தரவுத்தளத்தோடு நடத்தும் ஒரு வேலைத் தொடர்) கேட்டால் ஒரே ஒப்ஜெக்ட் வரும், ஆனால் இரண்டு மேசை என்றால் இரண்டு செஷன், ஆகவே ஆபத்து அங்கேயும் அதே அளவுதான். அதற்கு மேல் ஜாங்கோவின் சேவ் மாறிய நிரலை மட்டும் எழுதாது, எல்லா நிரலையும் எழுதும். போட்காரரின் ஃபோன் இலக்கத்தைத் திருத்தி சேவ் செய்தால்கூட, நீங்கள் வாசித்த நேரத்துக் கடன் தொகை திரும்ப எழுதப்படும்.

முதல் மருந்து, சேவ் செய்யும்போது அப்டேட்_ஃபீல்ட்ஸ் கொடுத்து நிரலைக் குறிப்பது. இது ஃபோன் இலக்கப் பிரச்சினையைத் தீர்க்கும், 5,000 ஐத் தீர்க்காது. அதற்கு எஃப் என்ற வசதி: ‘மீதியை 55,000 ஆக்கு’ என்று அனுப்பாமல் ‘மீதியில் 5,000 கழி’ என்று தரவுத்தளத்துக்கே அனுப்பும். கழிப்பதற்கு முன் ஏதாவது சரிபார்க்க வேண்டுமென்றால் அட்டோமிக் பிளொக்குக்குள் (முழுதும் நடக்கும், அல்லது ஒன்றுமே நடக்காத பகுதி) செலக்ட்_ஃபோர்_அப்டேட் போட்டு நிரையைப் பூட்டுங்கள், மற்ற மேசை சில நொடி காத்திருக்கும். ஹைபர்நேட்டில் வெர்ஷன் நிரல் வைப்பார்கள், வாசித்ததற்குப் பிறகு வேறு யாராவது எழுதியிருந்தால் சேவ் தோற்கும், திரும்ப வாசித்துச் செய்யவேண்டும்.

நான் கடைசியில் செய்தது வேறு. மீதிக்கடன் நிரலையே எடுத்துவிட்டேன். கொடுத்தது ஒரு கணக்குவரி, கட்டியது ஒரு கணக்குவரி, எதையும் திருத்துவது கிடையாது, பிழையென்றால் எதிர்வரி எழுதுவது. மீதி வேண்டுமென்றால் கூட்டிப் பார்ப்பது. மாமாவின் கொப்பி முதல் நாளில் இருந்தே இப்படித்தான் இருந்தது.

கூட்டும்போது

கூட்டல் கழித்தலை பைதனுக்குக் கொண்டுவராதீர்கள். மாத அறிக்கைக்காக ஆயிரக்கணக்கான பிடிவரியை ஒப்ஜெக்ட்டாக இழுத்து ஃபோர் சுற்றில் கூட்டுவது தேவையில்லாத சுமை, தரவுத்தளத்தையே சம் போடச் சொல்லுங்கள்.

ஆனால் இரண்டு ‘பல’ பக்கத்தை ஒரே குவெரியில் கூட்டினால் தொகை ஊதிவிடும். மேலே சொன்ன அதே பயணத்துக்கு மூன்று பிடிவரி, இரண்டு கணக்குவரி இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு நிரையோடும் ஒரு கணக்கீட்டைச் சேர்க்கும் அன்னோடேட்டில் இரண்டுக்கும் சம் கேட்டால் ஜாயின் ஆறு நிரையாக விரியும், ஒவ்வொரு பிடிவரியும் இரண்டு தடவை, ஒவ்வொரு கணக்குவரியும் மூன்று தடவை. 54,750 என்பது 1,09,500 ஆக நிற்கும். ஓஆர்எம் இதற்கு எச்சரிக்கை தராது. ஒவ்வொரு கூட்டலையும் தனி சப்குவெரியாக (குவெரிக்குள் இன்னொரு குவெரி) எழுதுங்கள், புது அறிக்கை எது எழுதினாலும் ஒரு கொப்பிப் பக்கத்தைக் கையால் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

தமிழ்ப் பெயர்கள்

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. ‘நித்தியா’ என்பது நமக்கு நாலு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் அது எட்டுக் குறியீடு, ஏனென்றால் விசிறியும் புள்ளியும் காலும் தனித்தனி. நிரலின் நீள எல்லையான மேக்ஸ்_லெங்த் எண்ணுவது குறியீட்டை. போட்டின் பெயருக்கு 20 என்று வைத்தால் பத்து எழுத்திலேயே நிரம்பிவிடலாம், தாராளமாக வையுங்கள்.

அடுத்தது இன்னும் நுணுக்கம். ‘கோணேஸ்வரி’ என்பதில் உள்ள ‘கோ’வை ஓகாரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தரவுத்தளத்துக்கு அவை இரண்டு வேறு சொல், பெயருக்கு ‘ஒன்றுக்கு மேல் வரக்கூடாது’ கட்டுப்பாடு போட்டிருந்தாலும் விட்டுவிடும், ஒரே பெயரில் இரண்டு போட் பட்டியலில் நிற்கும். சேமிக்கும் முன் பைதனின் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நோர்மலைஸ் மூலம் எல்லாவற்றையும் என்எஃப்சி (குறிகளை ஒன்றாக்கிய) வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், தேடும்போது தேடல் சொல்லையும் அப்படியே. அகர வரிசைக்கு போஸ்ட்கிரெஸ்ஸில் ஐசியூ என்ற யூனிகோட் நூலகத்தின் தமிழ் ஒழுங்கைக் கேளுங்கள், இல்லாவிட்டால் வெறும் குறியீட்டு வரிசையில் ‘ஜ’ போய் ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில் நிற்கலாம்.

மாற்றம் செய்யும்போது

நிரலின் பெயரை மாற்றினால் மேக்மைக்ரேஷன்ஸ் ‘பெயர் மாற்றினீர்களா’ என்று கேட்கும். அவசரத்தில் இல்லை என்று அடித்துவிட்டால், பழைய நிரலை அதன் தரவோடு எறிந்துவிட்டுப் புது வெறும் நிரல் போடும் மைக்ரேஷன் ஒன்று எழுதப்படும். ஓட்டும் முன் எஸ்கியூஎல்மைக்ரேட் கட்டளையால் அது என்ன செய்யப்போகிறது என்று வாசியுங்கள், பேக்கப் எடுங்கள். பெரிய மாற்றங்களை நாங்கள் வாடைக் காற்று மாதங்களுக்கு ஒதுக்கி வைப்போம், கடல் கொந்தளிப்பில் போட் குறைவாக இறங்கும், வாடியும் அமைதி.

காலைப் பட்டியல் பக்கத்துக்கு குவெரிகளை எண்ணிப்பார்க்கும் அஸர்ட்நம்குவெரிஸ் கொண்டு ஒரு சோதனையும் எழுதி வையுங்கள்: நாற்பது பயணம், 3 குவெரி. நாளைக்கு ஒரு தம்பி போட் சொந்தக்காரரின் பெயரையும் அந்தப் பக்கத்தில் காட்டலாம் என்று ஒரு வரி சேர்ப்பான், சொந்தக்காரர் வேறு அட்டவணையில் இருப்பார், சோதனை 43 என்று சொல்லித் தோற்கும். அப்போது சோதனையில் உள்ள எண்ணை 43 ஆக்கிவிட்டுப் போகாமல், செலக்ட்_ரிலேட்டட்டில் போட்டோடு சேர்த்துச் சொந்தக்காரரையும் எழுதச் சொல்லுங்கள், திரும்ப 3 வரும்.